டிரைவர் எங்கே தூங்குவார்? ஒரு கிராமத்து வேன் பயணத்தின் முழுக் கணக்கு

புதுக்கோட்டை மாவட்டம், பொன்னமராவதிப் பக்கம் ஒரு கிராமம். மகளிர் குழுப் பெண்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள், நாலு பிள்ளைகள் என்று இருபது பேர் சேர்ந்து நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் பார்த்துவிட்டு வர ஆடி மாதத்தில் வேன் எடுத்தார்கள். வண்டி பேசுவது, காசு வசூல் செய்வது, கணக்கு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. அந்தக் கணக்கை இங்கே முழுசாக வைக்கிறேன், ஏனென்றால் ஊர்ப்பக்கம் வண்டி எடுக்கிறவர்கள் எல்லோரும் வாடகையில்தான் மல்லுக்கு நிற்கிறார்கள், ஐநூறு குறைக்க அரை மணி நேரம் பேசுகிறார்கள், ஆனால் பயணம் நல்லபடி முடிவதும் முடியாமல் போவதும் ஓட்டுகிறவர் முந்தின இரவு எங்கே, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதில்தான் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

நம் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்கு ஏறுவது, ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டி விடியற்காலை ஏதாவது ஒரு குளத்தில் குளித்துவிட்டு முதல் கோயில், நாள் முழுக்கச் சுற்றல், அப்புறம் அன்று ராத்திரியே திரும்புவது. ரூம் செலவு மிச்சம் என்று ஒரு பெருமை வேறு. இதில் பயணிகள் தூங்கிக்கொண்டே போய்விடுவார்கள். ஓட்டுகிறவர் ஒருத்தர்தான். அவர் வெள்ளிக்கிழமை பகலில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது யாருக்கும் தெரியாது.

ரூம் செலவு நிஜமாகவே மிச்சமாகிறதா?

இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து புதுக்கோட்டை, தஞ்சாவூர் வழியாக முதல் கோயிலான திங்களூர் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். அங்கிருந்து ஒன்பது கோயிலையும் சுற்றி, கும்பகோணம் வந்து, ஊர் திரும்பினால் மொத்தம் 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. டெல்டா ரோட்டில் ஊருக்கு ஊர் வேகத்தடை, கடைத்தெரு, மாடு, சைக்கிள் எல்லாம் சேர்த்தால் மணிக்கு 40 கிலோமீட்டர் கிடைத்தால் அதிகம். அப்படியென்றால் சக்கரம் சுழலுகிற நேரம் மட்டும் 12, 13 மணி நேரம். கோயிலுக்கு முக்கால் மணி என்று வைத்தாலும் இன்னும் ஏழு மணி நேரம் ஆகிவிடுகிறது. போதாததற்கு மத்தியானம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் பெரும்பாலான கோயில்களில் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.

இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம் 2024இல் வார இறுதி நவக்கிரகச் சுற்றுலாப் பேருந்து ஒன்றைத் தொடங்கியது, டிக்கெட் அப்போது 750 ரூபாய். கும்பகோணத்தில் காலை 5 மணிக்குக் கிளம்பி, ஒன்பதையும் காட்டிவிட்டுக் கும்பகோணத்துக்கே திரும்ப இரவு 8 மணி வாக்கில் ஆகிறது. அதாவது கும்பகோணத்திலேயே இருக்கிறவர்களுக்கே 15 மணி நேரம். நாங்கள் கும்பகோணம் போய்ச் சேரவே மூன்றரை மணி நேரம், திரும்பவும் அதே அளவு. ஒரே டிரைவரை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் இதைச் செய்ய முடியாது. செய்கிறார்கள், நிறையப் பேர் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, செலவுக்கு வருவோம். டவுனில் உள்ள ஒரு டிராவல்ஸில் 20 சீட் வேனுக்குக் கிலோமீட்டருக்கு 25 ரூபாய், ஒரு நாளைக்குக் குறைந்தது 300 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா நாளைக்கு 700, டோல், பார்க்கிங், பெர்மிட் தனி என்று சொன்னார்கள். கிலோமீட்டர் ஷெட்டிலிருந்து ஷெட் வரைக்கும், அதாவது வண்டி அவர்கள் இடத்தை விட்டுக் கிளம்பித் திரும்ப அங்கே போய் நிற்கும் வரைக்கும். இங்கே கவனிக்க வேண்டியது 'நாள்' என்பதை எப்படி எண்ணுகிறார்கள் என்பது. பல இடங்களில் அது 24 மணி நேரம் இல்லை, நடுராத்திரி பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டு வரை, காலண்டர் தேதிக் கணக்கு. வெள்ளி ராத்திரி பத்து மணிக்கு ஏறி, ஞாயிறு விடியற்காலை ஒரு மணிக்கு இறங்கினால் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று தேதி ஆகிவிடுகிறது. வண்டி ஓடியது என்னவோ ஷெட் தூரத்தையும் சேர்த்து 570 கிலோமீட்டர்தான், காசு 900 கிலோமீட்டருக்கு. 22,500 ரூபாய், மூன்று நாள் பேட்டா 2,100 தனி.

அதையே சனிக்கிழமை அதிகாலை கிளம்பி, ராத்திரி அங்கேயே தங்கி, ஞாயிறு ராத்திரி பதினொன்றுக்குள் வந்தால் இரண்டு தேதி. 600 கிலோமீட்டர், 15,000 ரூபாய், பேட்டா 1,400. வித்தியாசம் 8,200 ரூபாய். மயிலாடுதுறைப் பக்கம் இருபது பேர் படுக்க, குளிக்க ஒரு சின்ன மண்டபம் 3,500க்குக் கிடைத்தது. ராத்திரி ஓட்டினால் மிச்சம் என்று நினைத்தவர்கள் முகத்தில் இந்தக் கணக்கைக் காட்டியதும்தான் பேச்சு அடங்கியது. அதற்கு முன்னால் டிரைவர் தூக்கம் பற்றி நான் பேசியபோது, "அவங்களுக்கு அது பழக்கம்தானே தம்பி" என்றுதான் சொன்னார்கள்.

பழக்கம் என்று ஒன்றும் கிடையாது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு என்று அறுபது வருடத்துக்கு முன்பே எழுதி வைத்தது; 2025இல் அதன் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு வந்தது. அஞ்சு பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கிற சின்ன முதலாளிகளை அந்தப் பழைய சட்டம் நேரடியாகக் கட்டவில்லை, ஊர்ப்பக்க வேன்கள் பாதிக்கு மேல் சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவர்கள்தான். ஆனால் மனுஷ உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்பதற்கு அந்த எண்கள் போதும்.

மூன்று விலை, ஒரு முடிவு

ஆடி மாதம் என்பதால் வண்டி கிடைப்பதில் சிரமம் இல்லை. கல்யாணம் கிடையாது, முகூர்த்த நாளில் கைக்கு எட்டாத வண்டியெல்லாம் ஆடியில் வாசலில் நிற்கும். கார்த்திகையிலிருந்து தை வரை சபரிமலை சீசன், அப்போது பேசவே முடியாது.

மூன்று இடத்தில் விலை கேட்டோம். முதலாவது மேலே சொன்ன டவுன் டிராவல்ஸ். இரண்டாவது பக்கத்து ஊர் அண்ணன் ஒருத்தர், சொந்த வேன், தானே ஓட்டுகிறார்: நாள் வாடகை 6,000, டீசல் நம்முடையது, பேட்டா 800. மூன்றாவது ஒரு பள்ளிக்கூட வேன். குழுவில் ஒரு அக்காவின் மைத்துனர் அங்கே ஓட்டுகிறார், சனி ஞாயிறு வண்டி சும்மாதான் நிற்கிறது, டீசலோடு மொத்தம் 14,000 என்றார்.

14,000 என்றதும் எல்லோரும் அதற்கே சாய்ந்தார்கள். மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கிறதே, பிறகென்ன என்றும் ஒரு வாதம் வந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாடம் ஓன் போர்டு, டி போர்டு வித்தியாசம் மட்டும்தான்: வெள்ளை பிளேட் சொந்த உபயோகம், மஞ்சள் பிளேட் வாடகை வண்டி. அது முக்கால் பங்குதான் சரி. பள்ளிக்கூட வண்டிக்கும் மஞ்சள் பிளேட் உண்டு, ஆனால் அதன் பெர்மிட் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்கு. ஊர்ப்பக்கம் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் பள்ளி வேனில் போவது அன்றாடம் நடக்கிறது, ஒன்றும் ஆகாத வரைக்கும் ஒன்றுமில்லை. ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது வண்டி எந்த வேலைக்குப் பதிவானது, எந்த வேலைக்கு ஓடியது என்றுதான். பெர்மிட்டை மீறி ஓட்டினால் 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம், சிறை வரைக்கும் போகலாம். அது வண்டிக்காரர் பாடு என்று விட்டுவிடலாம், நஷ்ட ஈடு கேட்டு வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பது நம் பாடு.

எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எந்த வகை வண்டி, எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எது வரைக்கும், இன்சூரன்ஸ் எது வரைக்கும், பெர்மிட் உண்டா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வாடகை வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அதற்குப் பிறகு வருடாவருடம். பழைய வண்டி என்பதற்காகப் பயப்பட வேண்டாம், பழைய வண்டிக்கு எஃப்.சி. தேதி தாண்டியிருந்தால் பயப்படலாம்.

இடையில் ஒரு சித்தப்பா "நம்ம ஊருக்கு வர்ற மினி பஸ்ஸையே எடுத்துக்கிட்டுப் போயிடலாமே" என்றார். 1997லிருந்து ஊருக்குள் ஓடும் மினி பஸ்கள் தடம் போட்டு டிக்கெட் கொடுத்து ஓட்டுகிற வண்டிகள். 2025 ஜூனில் வந்த புதுத் திட்டத்திலும் ஒரு தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர்தான். அதை நவக்கிரகத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தனியாகத் தற்காலிக பெர்மிட் வாங்க வேண்டும், அந்த இரண்டு நாளும் நாலு கிராமத்துக்கு பஸ் இருக்காது. சித்தப்பாவே பிறகு சிரித்துவிட்டார். லோடு வேனில் தார்ப்பாய் கட்டிப் போகலாம் என்று யாரும் இந்த முறை சொல்லவில்லை, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

ஆக டவுன் டிராவல்ஸா, பக்கத்து ஊர் அண்ணனா? காகிதத்தில் டவுன் டிராவல்ஸ்தான் மலிவு. 15,000, பேட்டா 1,400, மொத்தம் 16,400. அண்ணன் வண்டிக்கு இரண்டு நாள் 12,000, பேட்டா 1,600, டீசல் எப்படியும் 5,000க்கு மேல். ஏறக்குறைய 2,500 ரூபாய் கூடுதல். டிராவல்ஸில் கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: வெள்ளிக்கிழமை அந்த டிரைவர் எங்கே இருப்பார்? "ராமேஸ்வரம் சவாரி போயிருக்காருங்க, நைட் பத்து பத்தரைக்கு வந்துடுவாரு, ரெண்டரைக்கு எடுத்தார்னா நாலு மணிக்கு உங்க ஊர்ல நிப்பாரு, கவலையே படாதீங்க." அவர் ரொம்ப நம்பிக்கையாகத்தான் சொன்னார். பத்தரைக்கு வந்து, வண்டியைக் கழுவி, சாப்பிட்டுப் படுக்கப் பன்னிரண்டு. எழுந்திருக்க இரண்டு.

பக்கத்து ஊர் அண்ணனிடம் அதையே கேட்டபோது, "வெள்ளிக்கிழமை வண்டி எடுக்கல. சாயங்காலமே வண்டியைக் கொண்டாந்து உங்க ஊர்ல போட்டுட்டு அங்கேயே படுத்துக்கிறேன், அதுக்கு நாள் கணக்கு வேணாம்" என்றார். அந்த 2,500ஐத் தலைக்குப் பிரித்தால் 140 ரூபாய் கூட வரவில்லை. குழுக் கூட்டத்தில் இரண்டு விலையையும், இரண்டு பதிலையும் அப்படியே சொன்னேன். முடிவை அவர்களே எடுத்தார்கள்.

சீட்டும் தீட்டும்

20 சீட் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் டிரைவரைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்க வேண்டும். அண்ணன் வண்டி டிரைவரைச் சேர்த்து 21. பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டால் இன்னும் இரண்டு பேர் வரலாமே என்று கடைசி வாரத்தில் கோரிக்கை வந்தது. கூடுதலாக ஏற்றிய ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம், இறக்கிவிட்டால்தான் வண்டியை விடுவார்கள் என்பது சட்டம், ஆனால் அபராதத்தைவிட, 500 கிலோமீட்டர் மடியில் பிள்ளையோடு உட்காருகிறவர் கால் என்னாகும் என்று யோசித்தாலே போதும். பிள்ளைகளுக்கும் சீட், அரை டிக்கெட் என்று முடிவானது.

டவுனில் இல்லாத ஒரு சிக்கல் கிராமத்தில் உண்டு. ஊரில் ஒரு துக்கம் விழுந்தால் பங்காளி வீடு அத்தனைக்கும் தீட்டு, கோயிலுக்குப் போக முடியாது. இருபது பேரில் ஒன்பது பேர் ஒரே வகையறா என்றால் பயணமே நின்றுவிடும். இதற்கு இன்சூரன்ஸ் கிடையாது. அதனால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பதைவிட, அப்படி ஆனால் தேதியைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்று வண்டிக்காரரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது. ஊர்க்காரர் என்பதால் அவருக்கு விளக்கவே தேவைப்படவில்லை. உள்ளுக்குள் இன்னொரு விதி: கடைசி நேரத்தில் வர முடியாதவர் காசு திரும்பாது, ஆனால் தன் சீட்டுக்கு வேறு ஆளை அனுப்பலாம். ஒரு அத்தை மூட்டு வலி என்று நின்றுவிட்டு மருமகளை அனுப்பினார், சண்டை இல்லாமல் முடிந்தது.

பேசியதை எல்லாம் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அண்ணனுக்கு அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: வண்டி நம்பர், வேறு வண்டி அனுப்புவதென்றால் முதல் நாளே சொல்ல வேண்டும், ஓட்டப் போவது நீங்களேதான், வெள்ளி மாலை வந்து நிற்பதற்கு நாள் கிடையாது, ஏறும்போதும் இறங்கும்போதும் எங்கள் முன்னால் டேங்க் ஃபுல், ஏசி ஓடும், காரைக்கால் பெர்மிட் எடுப்பது உங்கள் வேலை, காசு எங்களுடையது, எடுக்காமல் பிடித்தால் அபராதம் உங்களுடையது, ராத்திரி பத்துக்கு மேல் ஓட்டம் இருக்கக் கூடாது, வழியில் தாமதமானால் மட்டும் ஒரு மணி நேரம் கூட, அட்வான்ஸ் 3,000. காரைக்கால் பெர்மிட் பற்றிய அந்த வாசகம் முக்கியம். நவக்கிரகத்தில் எட்டுக் கோயில் தமிழ்நாட்டில் இருக்கின்றன, திருநள்ளாறு மட்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலில் இருக்கிறது. தமிழ்நாட்டு பெர்மிட் மட்டும் உள்ள வேன் அதற்குத் தனியாகப் பாண்டி பெர்மிட் போட வேண்டும். முன்பே பேசாவிட்டால் எல்லையில் நின்றுகொண்டு யார் காசு என்று தகராறு வரும்.

எந்தக் கோயில் முதலில்

இதுதான் அதிக நேரம் இழுத்த விவாதம். சனிக்கிழமை கிளம்புவதால் சனிக்கிழமையே திருநள்ளாறு பார்த்தாக வேண்டும் என்று பெரியவர்கள். சனிக்கிழமை அங்கே கூட்டம் தாங்காது என்று நாங்கள். அவர்கள்தான் ஜெயித்தார்கள், ஆனால் அதனால் பாதை தலைகீழாகி, உண்மையில் நன்றாக அமைந்துவிட்டது.

முதல் நாள் நாலு மணிக்குக் கிளம்பித் திங்களூர், அப்புறம் வலங்கைமான் பக்கத்து ஆலங்குடியில் குரு பகவான், அங்கேயே மரத்தடியில் கட்டுச்சோறு, மத்தியானம் திருநள்ளாறு போய் நளன் குளத்தில் குளித்துவிட்டு சாயங்கால தரிசனம், ராத்திரி மயிலாடுதுறைப் பக்கம் மண்டபம். இரண்டாம் நாள் காலையில் கீழப்பெரும்பள்ளம், திருவெண்காடு, நடை சாத்துவதற்குள் வைத்தீஸ்வரன் கோயில். நாலு மணிக்குக் கஞ்சனூர், பக்கத்திலேயே சூரியனார்கோயில், கடைசியாகத் திருநாகேஸ்வரம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு, ராகு பகவானுக்கு அப்போது பாலாபிஷேகம், ஊற்றுகிற பால் நீலமாக மாறும் என்பார்களே, அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வந்ததே. எனவே ஞாயிறு சூரியனார்கோயிலும் ஆயிற்று, ராகு காலமும் ஆயிற்று. கஞ்சனூரில் மட்டும் நடை திறந்ததும் ஓட்டமாக ஓடிக் கும்பிட வேண்டியிருந்தது. அங்கிருந்து ஊர் 140 கிலோமீட்டருக்குள்தான்.

அண்ணனுக்கு முதல் நாள் ஓட்டம் 280 கிலோமீட்டர் வாக்கில், இரண்டாம் நாள் அதைவிடக் குறைவு. நடுவில் கோயில் கோயிலாக நிற்கும்போது அவருக்கு ஓய்வு. ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் முடிக்கிற பெருமையை விட்டுவிட்டால் ஒரு டிரைவருக்கு இது நிதானமான வேலை.

வழியில்

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கி, நாலு மணி என்றது நாலேமுக்காலுக்குக் கிளம்பியது. தாமதம் வண்டியால் இல்லை, எங்களால்.

பெண்கள் அதிகம் போகிற பயணத்தில் கழிப்பறைதான் பெரிய பிரச்சினை, ஆனால் திட்டம் போடும்போது யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. போன முறை வேறு ஒரு குழு போய்வந்தபோது பாதிப் பேர் தண்ணீரே குடிக்காமல் இருந்து, திரும்பி வந்ததும் நீர்க்கடுப்பு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நின்றார்கள். இந்த முறை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கும், யாரும் கேட்கத் தேவையில்லை, தானாக நிற்கும் என்று ஏறும்போதே அண்ணன் அறிவித்தார். "வண்டியை நிறுத்தச் சொல்லு" என்று பின்னால் இருக்கும் பெரியம்மா முன்னால் இருக்கும் ஆம்பளையிடம் சொல்லியனுப்ப வேண்டிய நிலை இல்லை என்பதே பெரிய விஷயம். பங்கில் கழிப்பறையைப் பூட்டி வைத்திருந்தால் சாவி கேளுங்கள், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. டீசலையும் அங்கேதானே போடுகிறோம்.

மண்டபத்தில் டிரைவருக்கு என்று ஒரு அறை தனியாகச் சொல்லியிருந்தோம். இது எல்லோருக்கும் கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது, வழக்கமாக டிரைவர் வண்டியிலேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வார், கொசு, புழுக்கம், பக்கத்தில் லாரி ஹாரன். மண்டபக்காரரே "டிரைவர் வண்டில படுத்துக்குவாப்லல்ல?" என்றுதான் கேட்டார். அறைக்கு 400 ரூபாய் கூட வாங்கினார், கொடுத்தோம். எட்டரைக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுத்தவர் காலையில் ஐந்தரைக்கு எழுந்து குளித்து, விபூதி பூசிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அவரிடம் போய்ப் பாட்டு மாற்றச் சொல்லிக் கேட்கிற அளவுக்கு முகம் தெளிவாக இருந்தது.

ஞாயிறு ராத்திரி, தஞ்சாவூர் தாண்டிப் பின் சக்கரம் பஞ்சர். இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லியாக வேண்டும். 2023 செப்டம்பர் 11, திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே, கர்நாடகச் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கிராமத்து வேன் பழுதாகி விடியற்காலையில் நெடுஞ்சாலையில் நின்றது. பெண்கள் இறங்கி வண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த சரக்கு வண்டி வேன் மேல் மோத, வேன் அவர்கள் மேல் பாய்ந்தது. ஏழு பெண்கள் இறந்தார்கள். இறங்கி உட்காருவது பாதுகாப்பு என்று நினைத்துத்தான் உட்கார்ந்தார்கள். எங்கள் வண்டி நின்றபோதும் ஹெட்லைட் வெளிச்சம் இருக்கிறதே என்று நாலைந்து பேர் நேராக வண்டிக்கு முன்னால் போய்த் துண்டை விரித்தார்கள். அண்ணன்தான் முதலில் சத்தம் போட்டார். வண்டியைத் தாரை விட்டு மண்ணில் முழுசாக இறக்கி, நாலு இண்டிகேட்டரும் எரியவிட்டு, ரிஃப்ளெக்டர் முக்கோணத்தைப் பின்னால் தூரமாக வைத்து, எல்லோரையும் தடுப்புக்கு அந்தப் பக்கம், வண்டியை விட்டு நன்றாகத் தள்ளி வயல் வரப்பு ஓரம் நிற்க வைத்த பிறகுதான் ஜாக்கியை எடுத்தார். முக்கோணம் வண்டியில் இருக்கிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வெள்ளி மாலையே பார்த்தாயிற்று. அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டிரைவருக்கு இத்தனையும் வரிசையாக ஞாபகம் வந்திருக்குமா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை.

ஊருக்குள் வரும்போது பதினொன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. தேதி மாறவில்லை.

கணக்கு

மீட்டரில் 520 கிலோமீட்டர். டேங்க் மறுபடி நிரப்பியதில் டீசல் 5,400 ரூபாய். வாடகை 12,000, பேட்டா 1,600, டோல், பார்க்கிங், பாண்டி பெர்மிட் எல்லாம் சேர்த்து 1,500. மண்டபம் 3,500, டிரைவர் அறை 400. மொத்தம் 24,400. பதினாறு முழு டிக்கெட் தலைக்கு 1,400, நாலு அரை டிக்கெட் 700, வசூல் 25,200. மிச்சம் 800ஐ அண்ணனிடம் கொடுத்தோம். சாப்பாடு அவரவர் கட்டுச்சோறு, ஞாயிறு மத்தியானம் மட்டும் ஹோட்டல், அது அவரவர் கைக்காசு. கணக்கைப் பேப்பரில் எழுதிக் குழு கூடும் இடத்தில் ஒட்டியாயிற்று, இரண்டு பேர் டீசல் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

இப்போது அடுத்து ஊட்டி என்று கேட்கிறார்கள். அது முழுக்க வேறு கணக்கு. 2024 மே 7லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாடகை வண்டி, சொந்த வண்டி எல்லாவற்றுக்கும் இ-பாஸ், 2025 ஏப்ரலிலிருந்து நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது, எனவே வண்டி பேசுவதற்கு முன்னால் பாஸ் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட, 2023 செப்டம்பர் 30 அன்று தென்காசி மாவட்டம் கடையம் பக்கமிருந்து ஊட்டி போன சுற்றுலாப் பேருந்து, திரும்பும்போது குன்னூர் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மரப்பாலம் அருகே பள்ளத்தில் விழுந்து ஒன்பது பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நம்மைப் போல ஊர்க்காரர்கள் சேர்ந்து போன பயணம்தான் அதுவும். அண்ணனிடம் கேட்டேன், மலை ஓட்டுவீர்களா என்று. "கொல்லிமலை ஓட்டியிருக்கேன். ஊட்டி பகல்ல மட்டும் ஏறுவேன், இறங்குறதும் பகல்லதான். ராத்திரி இறங்கணும்னா வேற வண்டி பாத்துக்கங்க" என்றார். அதன்படி மூன்று நாள் ஆகிறது, தலைக்கு 2,500க்குக் குறையாது. புரட்டாசிக் கூட்டத்தில் பேசி முடிவு செய்வதாக இருக்கிறார்கள்.